சங்கிலிக் கவசம் வாங்குகிறவர்கள் ரிவெட்டைப் பார்த்து வாங்குங்கள்

1066 அக்டோபர் 14-ல் நடந்த ஹேஸ்டிங்ஸ் போரை, இங்கிலாந்தில் பேட்டில் என்ற ஊரில், அதில் வென்ற நார்மண்டிப் பிரபு வில்லியம் கட்டவைத்த மடாலயத்துக்குக் கீழே உள்ள சரிவில் நடத்திக் காட்டுவார்கள். அங்கே தோற்ற இங்கிலாந்து மன்னர் ஹரால்டின் கேடயச் சுவரில், அதாவது கேடயங்களை நெருக்கிப் பிடித்து நிற்கும் வீரர் வரிசையில், நிற்பதற்காக இரண்டு வருடம் ஈட்டிப் பயிற்சி எடுத்தேன். இரவல் கவசம் போதும் என்றார்கள். எனக்கென்று ஒன்று வேண்டும் என்று இணையத்தில் வாங்கினேன். இரும்பு வளையங்களைக் கோத்த சட்டையும் தலைக்கவசமும் சேர்த்து 380 பவுண்ட். 'ரிவெட் அடித்தது, சண்டைக்கு ஏற்றது' என்று போட்டிருந்தது. ரிவெட் என்றால் வளையத்தின் இரு முனைகளையும் பிணைக்கும் சிறு ஆணி. கார்டு வேண்டாம், வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பினால் தள்ளுபடி என்றார்கள். அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்டில் பார்சல் வந்தது. போட்டுப் பார்த்தேன், அளவு சரி. எண்ணெய் தடவி எடுத்து வைத்துவிட்டேன்.

போருக்கு முந்தைய மாலை கவசச் சோதனை. சோதித்த பெரியவர் சட்டையைப் புல்லில் விரித்து, ஒரு வளையத்தை இரண்டு கட்டைவிரல்களால் பிடித்துத் திருகினார். வாய் பிளந்துகொண்டது. "இதில் ரிவெட்டே இல்லையே, தம்பி" என்றார். அக்குள் பக்கம் ஏற்கெனவே சில வளையங்கள் கழன்று, விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை.

நல்ல கவசத்தில் ஒவ்வொரு வளையமும் நான்கு வளையங்களோடு கோத்திருக்கும். முனைகளைத் தட்டையாக்கி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, துளையிட்டு ரிவெட் அடித்திருப்பார்கள். எனக்கு வந்ததில் முனைகள் வெறுமனே முட்டிக்கொண்டு நின்றன. பத்து கிலோவுக்கு மேல் எடையுள்ள சட்டை, தன் பாரத்திலேயே பிரிந்துவிடும். மழுங்கிய ஈட்டி முனை பட்டாலும் உள்ளே போகும்.

தலைக்கவசம் அதைவிட மோசம். இந்தப் போரைச் சித்திரிக்கும் பழைய பாயோ திரைச்சீலையில் இருப்பதுபோல் மூக்குப்பட்டை வைத்த கூம்பு. 16 கேஜ், அதாவது ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் என்று சொல்லி விற்றது. வெர்னியர் வைத்து அளந்தால் 0.9. இதைப் போட்டுக்கொண்டு மண்டையில் வாள் அடி வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. மறுநாள் களத்தில் இறங்க அனுமதி கிடைக்கவில்லை. தண்ணீர் சுமந்தேன்.

கடையில் கேட்டால், அது அலங்காரத்துக்கான பொருள் என்றார்கள். அப்புறம் இணையத்தில் அதை விற்ற பக்கத்தையே எடுத்துவிட்டார்கள். பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, சொன்னதற்கு மாறான பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். நான் பிரித்துச் சோதிக்காமலே அந்தக் கெடுவைத் தாண்டிவிட்டேன். 100 பவுண்டுக்கு மேல் உள்ள பொருளைக் கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால் வங்கியும் பொறுப்பேற்க வேண்டும். தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு அதையும் விட்டேன்.

பணம் கட்டும் முன் ஒரே ஒரு வளையத்தின் நெருக்கமான படம் கேளுங்கள். ரிவெட்டின் தலை தெரிய வேண்டும். மழுப்பினால் வாங்காதீர்கள். பார்சல் வந்த அன்றே அக்குளையும் கழுத்தையும் திருகிப் பாருங்கள், தகட்டை அளந்துவிடுங்கள்.

கடைக்காரர் நவம்பருக்குப் பிறகு பதிலே போடவில்லை. கழன்ற வளையங்களைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன், வேண்டுமென்றால் கேளுங்கள்.