சைட்வால் கிழிந்த பிறகு எழுதுவது: செவென் மலைப் பாதைகளில் 40 மி.மீ. டயர்

விலை இறங்கிவிட்டது, தெற்கு பிரான்சின் செவென் மலைப் பக்கம் கிராவல் சைக்கிள் (சரளைப் பாதைக்கான சைக்கிள்) ஓட்ட இந்த 40 மி.மீ. டயர் போதுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒற்றை வரியில் முடிக்க வேண்டிய பதில்தான். ஆனால் பின் டயரின் சைட்வாலை, அதாவது பக்கச் சுவரைத் தைத்து ஒட்டிய சொல்யூஷன் வாடை கையை விட்டுப் போவதற்குள் கேட்டுவிட்டார். அதனால் பதில் கொஞ்சம் நீளம், கொஞ்சம் சூடு.

எடை, ட்யூப்லெஸ், டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை நூல் என்ற கணக்கு) எல்லாம் பெட்டி மேலேயே அச்சடித்திருக்கிறது. அதில் இல்லாத விஷயம் கல். பிரான்சின் மாசிஃப் சாந்த்ரால் மலைத்தொகுதியின் தெற்கு ஓரத்தில் ஒரே வாரப் பயணத்தில் நாலு வகைப் பாறை மாறும். மார்ஜரீடும் லொஸேர் மலையும் கிரானைட். ஓப்ராக் மேட்டுநிலம் எரிமலைக் கல். கோஸ் மேழான் மேட்டுநிலம் முழுக்கச் சுண்ணாம்புக்கல். ஃப்ளொராக் ஊரைத் தாண்டித் தென்கிழக்கே இறங்கினால் ஷிஸ்ட், அதாவது தகடு தகடாகப் பிளக்கும் பாறை. பாதையில் கொட்டுவதும் பெரும்பாலும் அந்தந்த இடத்துக் கல்தான். எனவே டயர் நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பாதிக் கேள்விதான் இருக்கிறது. எந்தக் கல்லில் என்பது மீதி.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். கிரானைட்டில் இந்த டயருக்குக் குறையே கிடையாது. லொஸேர் மலையின் மேல்பகுதியில் கிரானைட் பொடிந்து ரவை மாதிரிப் பாதையில் பரவிக் கிடக்கும். தண்ணீர் நிற்காது, சேறு ஆகாது. ஓட்டுபவர் 75 கிலோ, பைகள் சில கிலோ என்றால் காற்றழுத்தம் முன்னால் 2.1 பார், பின்னால் 2.4 பார் போதும். வளைவில் நழுவினாலும் சொல்லிவிட்டுத்தான் நழுவும். கோஸ் மேழானின் வெள்ளைப் பாதையில் இன்னும் வேகம். ஆனால் மழை பெய்த மறுநாள் அங்கே பள்ளங்களில் தேங்கும் செம்மண் களி டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே அடைத்துக்கொள்ளும். அந்த நாளில் 45-ஐ விட 40 நல்லது. ஓப்ராக்கில் புல்லும் உருண்டைக் கல்லும். குலுக்கும், வெட்டாது. மாட்டு வேலியின் கேட்டைத் திறந்தால் மறக்காமல் மூட வேண்டும், அவ்வளவுதான்.

சரி, ஷிஸ்ட்டுக்கு வருவோம்.

இந்த டயரில் பஞ்சர் தடுக்கும் பட்டை ட்ரெட்டுக்கு (தரையில் படும் பகுதிக்கு) கீழே மட்டும் ஓடுகிறது. சைட்வாலில் வெறும் நூல் துணி, மேலே மெல்லிய ரப்பர். அந்தப் பழுப்பு நிறச் சைட்வால் படத்தில் ரொம்ப அழகு. ஷிஸ்ட் பாதையில் கல் படுத்துக் கிடப்பதில்லை, விளிம்பு மேலே பார்க்க நிற்கும். இறக்கத்தில் பின்சக்கரம் இரண்டு தகடுகளுக்கு நடுவே இறங்கி, பிரேக் பிடித்து ஒரு விரற்கடை பக்கவாட்டில் நகர்ந்தால் போதும். ட்ரெட்டில் கீறல்கூட இருக்காது, சைட்வாலில் ரிம்முக்குச் சற்று மேலே ஒரு சென்டிமீட்டருக்கு வாய் பிளந்திருக்கும்.

காற்றைக் கூட்டினால் சரியாகாதா என்பார்கள். கூட்டினால் ரிம் அடிபடுவது குறையும். ஆனால் துணி விறைத்து நிற்பதால் கூர்முனை பட்டதும் சீக்கிரம் வெட்டுப்படும். குறைத்தால் சைட்வால் வெளியே பிதுங்கிக் கல்லைத் தேடிப் போகும். காற்றழுத்தத்தை மாற்றித் தீரும் வியாதி இல்லை இது. துணி தடிமனாக இருக்க வேண்டும்.

கெட்ட இடங்கள் இரண்டு. முதலாவது, பாதையின் குறுக்கே மழைநீரை ஓரமாகத் திருப்ப விளிம்பில் நிறுத்திப் பதித்த கல் வரிசைகள். அவற்றைச் சாய்வாகக் கடக்கக் கூடாது. நேர்செங்குத்தாக வந்து, பின்சக்கரத்தின் மேலிருக்கும் எடையை எடுத்துவிட்டுத் தாண்ட வேண்டும். இரண்டாவது, இலையுதிர்கால மழைக்குப் பிறகு வரும் பாதை. மத்தியதரைக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இந்த மலையில் மோதி ஒரே நாளில் நூற்றுக்கணக்கான மில்லிமீட்டர் கொட்டிவிடும். பொடி மண் அடித்துப் போய்க் கல் மட்டும் நிற்கும். மே மாதம் யாரோ பதிவு செய்த ஜிபிஎஸ் தடத்தை நம்பி நவம்பரில் போனால் அது வேறு பாதை.

சைட்வால் போனபின் சீலன்ட் (ட்யூப்லெஸ் டயருக்குள் ஊற்றும், ஓட்டையை அடைக்கும் திரவம்) உதவாது. 60 மி.லி. ஊற்றினாலும், சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரியும் இடத்தில் அது உறையாது, பீய்ச்சிக்கொண்டே இருக்கும். ஓட்டையில் செருகும் ரப்பர் பிளக்குக்கும் அதே கதைதான், வெட்டு 3 மி.மீ.க்குள் இருந்தால் தார்ச்சாலை வரை தாங்கலாம். அதற்கு மேல் என்றால் டயரைக் கழற்றியே ஆக வேண்டும். ட்யூப்லெஸ் வால்வின் அடிநட்டு சீலன்ட் காய்ந்து இறுகியிருக்கும், விரலுக்கு அசையாது. சிறிய குறடு இல்லாமல் இந்தப் பக்கம் போகவே கூடாது. உள்ளே துணியால் துடைத்து, காயவிட்டு, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். வெட்டு 5 மி.மீ.க்கு மேல் என்றால் பல் இடுக்கு நூலால் தையல். வெட்டிலிருந்து 3 மி.மீ. தள்ளி ஊசி இறங்க வேண்டும், இறுக்கி இழுத்தால் துணி கிழியும். சொல்யூஷன் தடவிப் பளபளப்பு அடங்கும் வரை பொறுத்து, மூலை வட்டமாக வெட்டிய பேட்சை எல்லாப் பக்கமும் 15 மி.மீ. தள்ளிப் பிடிக்கும்படி அழுத்த வேண்டும். அதன்மேல் பழைய ரோடு டயரில் வெட்டிய 6×4 செ.மீ. துண்டு. பிறகு ட்யூப். போடுமுன் டயரின் உள்ளே துணியை ஒரு சுற்று ஓட்டிவிடுங்கள். சீலன்ட் அமைதியாக அடைத்து வைத்திருந்த முட்கள் எல்லாம் ட்யூபுக்காகக் காத்திருக்கும். பழைய டயர் துண்டுக்குப் பதிலாக 10 யூரோ நோட்டை மடித்து வைப்பவர்களும் உண்டு. அவசரத்துக்கு ஆகும், ஆனால் அதைவிடப் பழைய டயர் மலிவு.

இதைத் தவிர்க்கப் பாதையைத் தேர்ந்தெடுக்கும் விதத்தை மாற்றலாம். பிரெஞ்சு அரசின் வரைபட நிறுவனமான ஐஜிஎன்னின் 1:25,000 வரைபடம் பாதை அகலத்தைச் சொல்லும், கல்லைச் சொல்லாது. அதற்கு பிரெஞ்சு நிலவியல் நிறுவனமான பிஆர்ஜிஎம்மின் நிலவியல் வரைபடம் இன்ஃபோடெர் இணையதளத்தில் இலவசமாக இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் டயரும் வேகமும் தன்னாலே முடிவாகிவிடும். ஷிஸ்ட் பகுதிக்குள் போயே ஆக வேண்டுமென்றால் டிஎஃப்சிஐ என்று எண் பலகை போட்ட தடங்களைப் பிடியுங்கள். காட்டுத்தீ அணைக்கும் வண்டி ஏறுவதற்காகப் போட்டவை, ஏற்றம் ஓரளவு ஒழுங்காக இருக்கும். கோடையில் தீ அபாய நாட்களில் மூடிவிடலாம், முதல்நாளே பார்த்துக்கொள்ள வேண்டும். ஃப்ளொராக்கிலிருந்து காஸான்யாஸ் பக்கம் போகும் பழைய மீட்டர் கேஜ் ரயில் தடம் இன்னும் சுகம். 1968-இல் ரயில் நின்றது. ஜிஆர்70 நடைபாதை அதன் மேலேயே கொஞ்ச தூரம் போகிறது. சுற்றிலும் ஷிஸ்ட், ஆனால் தடம் இறுகி மட்டமாக இருப்பதால் டயருக்கு ஆபத்து குறைவு. முக்கோணமும் இரண்டு வட்டமும் போட்ட ஜிடிஎம்சி நெடும்பாதையின் குறிகளைக் கண்ணை மூடிக்கொண்டு பின்தொடர வேண்டாம். மொர்வானிலிருந்து கடல் வரை ஏறத்தாழ 1,400 கி.மீ. போகும் அந்தப் பாதை மவுன்டன் பைக்குக்காகப் போட்டது.

தண்ணீருக்கு ஒரு வார்த்தை: கோஸ் மேட்டில் ஓடை கிடையாது, மழை அப்படியே பாறைக்குள் இறங்கிவிடும். மூன்று லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தில் பெரும்பாலும் குழாய் இருக்கும். ஆட்டுமந்தையோடு வெள்ளைக் காவல்நாய் இருந்தால் இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவே வைத்து நடங்கள்.

ஆக, நாலு கல்லில் மூன்றுக்கு இது நல்ல டயர். ட்ரெட் இன்னும் பாதிகூடத் தேயவில்லை, உருளும் சுகத்துக்கு இந்த விலையில் வேறு ஒன்றைச் சொல்லத் தோன்றவில்லை. ஆனாலும் செவென்னுக்கு வாங்காதீர்கள். மணிக்கு ஒரு கார்கூட வராத பள்ளத்தாக்கில்தான் அது கிழியும். நல்ல சைக்கிள் கடை வேண்டுமென்றால் மோந்த்துக்கோ அலேஸுக்கோ போக வேண்டும், ஞாயிறும் திங்களும் பல கடைகள் திறக்காது. விளிம்பிலிருந்து விளிம்பு வரை காப்புத் துணி வைத்த 45 மி.மீ. டயரைப் பின்னால் போடுங்கள். டயருக்கு 60 முதல் 100 கிராம் கூடும், ஏற்றத்தில் தெரியக்கூடத் தெரியாது. தள்ளுபடியில் ஏற்கெனவே ஒரு ஜோடி வாங்கிவிட்டீர்கள் என்றால் ஒன்றை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள், மற்றதை வெட்டினால் 6×4 துண்டுகள் நிறைய வரும்.