அலமாரியில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை

மதுரையில் மாதச் சாமானை நாலு சூப்பர் மார்க்கெட் ஏறி இறங்கி, எங்கே எது மலிவு என்று பார்த்து வாங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. புகார் இன்னும் முடியவில்லை. அதோடு, நான் சொல்லப்போவது அந்த ஒரு கடையோடு நிற்கிற சமாச்சாரமும் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை எங்கள் தெரு முனை அண்ணாச்சி கடையில்தான் எல்லாம். சீட்டு எழுதிக் கொடுத்தால் சாயங்காலம் பையன் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவான். எங்க வீட்டுக்காரர் பணி ஓய்வு பெற்ற பிறகு கையில் வருவது பாதியானது. அப்போதுதான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, எந்தக் கடையில் எது என்ன விலை என்று எழுத ஆரம்பித்தேன். சனிக்கிழமை காலையில் ஸ்கூட்டியை எடுத்தால் மூன்று கடை. ஒன்றில் எண்ணெய், ஒன்றில் பருப்பு, இன்னொன்றில் சோப்பு, பேஸ்ட். முதல் மாதமே அறுநூறு ரூபாய்க்கு மேல் மிச்சம். நோட்டைப் பார்த்துவிட்டு அவரே, "பரவாயில்லையே, நிதியமைச்சர்" என்றார்.

போன வருஷம் எங்கள் பக்கம் ஒரு புதுக் கடை திறந்தார்கள். ஏசி, பெரிய டிராலி, வாசலில் செண்டை மேளம். வெள்ளிக்கிழமை இரவானால் வாட்ஸ்அப்பில் வண்ண வண்ணமாக நோட்டீஸ் வரும். மற்ற கடைகளை விட ஒவ்வொன்றிலும் ஐந்து, பத்து குறைவு. நானும் மூன்று கடையில் ஒன்றைக் கழித்துவிட்டு இதைச் சேர்த்துக்கொண்டேன்.

ஏமாந்தது தெரியவந்தது ஒரு கிலோ துவரம்பருப்பால். அந்தக் கடை சொந்தமாகப் பாக்கெட் போட்டு விற்கிற பருப்பு. அலமாரியில் மஞ்சள் அட்டை தொங்கியது: எம்.ஆர்.பி. 248, எங்கள் விலை 128, ஞாயிறு வரை மட்டும். வேறு கடைகளில் அந்த வாரம் 135. இரண்டு பாக்கெட் எடுத்தேன். வழக்கமாக பில்லை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவேன். அன்றைக்கு வெளியே மழை. ஸ்கூட்டியை எடுக்க முடியாமல் கதவோரம் நின்றபோது, சும்மா நிற்கிறோமே என்று பில்லை விரித்துப் படித்தேன். பருப்பு கிலோ 142 என்று இருந்தது.

திரும்பப் போய்க் கேட்டேன். பில் போடுகிற பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். "அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதுக்கா, சிஸ்டத்துல வர்ற ரேட்டுதான்" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. மேனேஜரைக் கூப்பிடச் சொன்னேன்.

"ஆஃபர் நேத்தோட முடிஞ்சிருச்சு மேடம். பசங்க கார்டை எடுக்க மறந்துட்டாங்க."

"ஞாயிறு வரைக்கும்னு கார்டுலயே போட்டிருக்கே தம்பி. இன்னைக்கு சனிக்கிழமைதான?"

போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "சிஸ்டத்துல இன்னும் அப்டேட் ஆகலை போல. ஆனா மேடம், எம்.ஆர்.பி. இருநூத்தி நாப்பத்தெட்டு. அதுக்கு ரொம்பக் கீழதான பில் போட்டிருக்கோம்? எம்.ஆர்.பி.யைத் தாண்டினாத்தான் தப்பு."

இந்த வார்த்தையை எல்லாக் கடையிலும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். எம்.ஆர்.பி.க்கு மேல் விற்றால் எடையளவுச் சட்டப்படி குற்றம் என்பது சரிதான். ஆனால் 128 என்று எழுதி மாட்டிவிட்டு 142 வாங்குவது வேறு கணக்கு. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நேர்மையற்ற வணிக நடைமுறை என்று ஒன்று இருக்கிறது. இது அதில் வரும். அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. "எழுதினதைக் கொடுங்க" என்று மட்டும் நின்றேன்.

வித்தியாசம் 28 ரூபாய். ரொக்கமாகத் தர மாட்டார்களாம், பாயின்ட்டாக ஏற்றிவிடுவார்களாம். எனக்குப் பின்னால் டிராலியோடு நின்ற ஒருவர், "இருபத்தெட்டு ரூபாய்க்கா இவ்வளவு நேரம்?" என்று சத்தமாகவே சொன்னார். எனக்கு முகம் சுண்டிப்போனது. பாயின்ட்டே போதும் என்று வந்துவிட்டேன். மழையில் நனைந்துகொண்டே வரும்போதுதான் தோன்றியது, இந்தக் கூச்சத்தை நம்பித்தானே இந்த வியாபாரம் நடக்கிறது. நாலு பேர் முன்னால் இருபது முப்பதுக்கு வாயைத் திறக்க நமக்குக் கூசும். அது அவர்களுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்த பழைய பில்களைக் கொட்டினேன். பாதிக்கு மேல் வெளுத்துப் போய் வெள்ளைக் காகிதமாக இருந்தன. படிக்க முடிந்தவை ஒன்பது. அலமாரி அட்டை அன்றைக்கு என்ன சொன்னது என்று இப்போது எப்படித் தெரியும்? அவர்களே அனுப்பிய வாட்ஸ்அப் நோட்டீஸ்கள் போனில் அப்படியே இருந்தன. தேதி பார்த்து ஒன்றொன்றாக ஒப்பிட்டேன். ஒன்பதில் ஆறு பில்லில் வித்தியாசம். உளுந்தில் 9, மிளகாய்த்தூளில் 12, நாலு சோப்பு வாங்கினால் ஒன்று இலவசம் என்று போட்டதில் ஐந்துக்கும் பில். கூட்டினால் 318 ரூபாய். சிஸ்டத்தின் தவறு என்றால் ஒரு தடவையாவது அது என் பக்கம் சாய்ந்திருக்க வேண்டாமா? ஆறு தடவையும் கல்லாப்பெட்டிப் பக்கமேதான் சாய்ந்திருக்கிறது.

அடுத்து எடை. மருமகள் கேக் செய்ய வாங்கிய சின்ன டிஜிட்டல் தராசு வீட்டில் இருக்கிறது. பருப்புப் பாக்கெட்டைத் தூக்கி வைத்தேன். கவரோடு 962 கிராம். இன்னொன்று 974. தராசில்தான் கோளாறோ என்று, பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை வைத்துப் பார்த்தேன். 1004. அதற்கும் மனசு கேட்காமல் அண்ணாச்சி கடைக்கே எடுத்துப் போனேன். இரண்டு வருஷமாகத் தலையைக் குனிந்துகொண்டு கடந்து போன கடை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, தராசைத் துடைத்துவிட்டு வைத்தார். 960. "கவர் ஒரு ஆறு கிராம் இருக்கும்மா, அதையும் கழிச்சுக்கோங்க" என்றார்.

பாக்கெட்டில் போடும் எடைக்கு விதி கொஞ்சம் நெகிழ்வு தருகிறது. ஒரு கிலோவுக்கு 15 கிராம் வரை முன்னே பின்னே இருக்கலாம். கவர் அதில் சேராது. வீட்டுத் தராசு காட்டிய 962-இல் கவரைக் கழித்தால் 956தான் பருப்பு. அதாவது 44 கிராம் குறைவு. 128 ரூபாய் என்று நம்பி எடுத்த பருப்பு, உள்ளபடி கிலோ 148 ரூபாய்க்கு மேல் விழுந்திருக்கிறது. அண்ணாச்சியிடம் அன்றைக்கு உதிரியாக 140. அதற்காக அண்ணாச்சி உத்தமர் என்று சொல்ல வரவில்லை. அவரிடம் தேதி முடிந்த சேமியா வாங்கி வண்டோடு திருப்பிக் கொடுத்த கதை தனியாக உண்டு.

இன்னொரு வேடிக்கை பில்லின் அடியில் இருந்தது. "இன்று நீங்கள் சேமித்தது ரூ.412." இந்த வரியைப் பார்த்து எத்தனை மாதம் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அந்த 412-இல் 212 ரூபாய் இந்த இரண்டு பாக்கெட் பருப்பில் மட்டும் நான் "சேமித்தது". எம்.ஆர்.பி. 248, பில் 142, ஆக கிலோவுக்கு 106 லாபமாம். ஊரில் எவனும் 248-க்குத் துவரம்பருப்பு விற்கவில்லை. பாக்கெட் போடுகிறவர்தான் எம்.ஆர்.பி.யும் போடுகிறார். இங்கே இரண்டும் ஒரே ஆள். 248 என்ன, 400 என்றுகூட அடித்துக்கொள்ளலாம், சேமிப்பு இன்னும் கூடும். ஆகவே கடையின் சொந்தப் பாக்கெட்டில் எம்.ஆர்.பி.யைப் பார்க்கவே பார்க்காதீர்கள். பக்கத்துக் கடையில் அதே சாமான் கிலோ என்ன என்பதுதான் கணக்கு.

எண்ணெயிலும் இதே மாதிரி ஏமாந்தேன், ஆனால் அதில் பாதித் தப்பு என்னுடையது. சூரியகாந்தி எண்ணெய் 139, மற்ற கடையில் 152. பதின்மூன்று ரூபாய் மிச்சம் என்று மாதா மாதம் மூன்று பாக்கெட் வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு லிட்டர் எண்ணெய் எடையில் சுமார் 910 கிராம். 152 ரூபாய் பாக்கெட்டில் 910 கிராம் என்று போட்டிருந்தது. இதில் 800 கிராம். பாக்கெட் அளவிலும் உயரத்திலும் ஒன்று போலவே இருக்கும், எழுத்து மட்டும் பொடி. 910-க்குக் கணக்குப் போட்டால் இது 158 ரூபாய் ஆகிறது. முன்பெல்லாம் எண்ணெய், பிஸ்கட் என்று பல சாமான்களுக்கு இத்தனை கிராமில்தான் பாக்கெட் போட வேண்டும் என்று விதி இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். இப்போது 800, 850, 870 என்று இஷ்டத்துக்குப் போடலாம். அதற்குப் பதிலாக ஒரு கிராம் அல்லது ஒரு மில்லி என்ன விலை என்று பாக்கெட்டிலேயே அச்சடிக்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் "ரூ.0.19 / கிராம்" என்ற மாதிரி சின்னதாக இருக்கும். அது எம்.ஆர்.பி. கணக்கில் வருவது, சலுகை விலைக்கு நாமேதான் வகுத்துக்கொள்ள வேண்டும். போனில் கால்குலேட்டர் இருக்கிறது, இதில் ஒரு வெட்கமும் வேண்டாம்.

அரிசிச் சிப்பத்துக்கும் இதைச் செய்யுங்கள். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. வந்ததும் ஆலைக்காரர்கள் 26 கிலோ சிப்பம் போட ஆரம்பித்தார்கள். பத்து கிலோ பையை "ஆஃபர்" என்று 639-க்கு வாசலில் அடுக்கியிருப்பார்கள். உள்ளே மூலையில் அதே அரிசி 26 கிலோ 1,480-க்கு இருக்கும். கிலோ 63.90 எங்கே, 57 எங்கே.

அப்புறம் அந்த ஒரு ரூபாய்ச் சர்க்கரை. 999 ரூபாய்க்கு மேல் வாங்கினால் ஒரு கிலோ சர்க்கரை ஒரு ரூபாய். பில் 1,140 வந்ததும் கையை நீட்டினேன். அரிசி, எண்ணெய், பால் இதெல்லாம் கணக்கில் சேராதாம், இன்னும் 180 ரூபாய்க்கு எடுக்க வேண்டுமாம். 46 ரூபாய்ச் சர்க்கரைக்காக 180 ரூபாய்க்கு பிஸ்கட்டும் நூடுல்ஸும் அள்ளிக்கொண்டு வந்தேன். இதில் கடைக்காரனைத் திட்ட ஒன்றுமில்லை.

நான் செய்த புகாரைப் பற்றிச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். பில், அலமாரி அட்டை, நோட்டீஸ் மூன்றின் படமும் வைத்திருந்தேன். அட்டையை நான் அன்றைக்கே படம் எடுத்திருந்தது நல்லதாகப் போயிற்று, மேனேஜர் பார்க்கப் போனபோது பின்னாலேயே போய் எடுத்தேன். புகார் எண் குறுஞ்செய்தியில் வந்தது. ஒன்பதாம் நாள் கடையிலிருந்து போன். "வாங்க மேடம், பணத்தைத் தந்துடுறோம்." போனேன். 28 ரூபாயை எண்ணி வைத்துவிட்டு, புகார் தீர்ந்துவிட்டது என்று ஒரு கையெழுத்து கேட்டார்கள். எடைக்கு என்ன பதில் என்றேன். அது பாக்கெட் போடுகிற இடத்தில் கேட்க வேண்டுமாம். கையெழுத்துப் போடவில்லை, பணத்தையும் எடுக்கவில்லை. எடைப் புகாரைத் தொழிலாளர் துறையிடம் கொடுத்திருக்கிறேன். தமிழ்நாட்டில் எடையளவு அவர்கள் பொறுப்பு, அமலாக்கப் பிரிவு என்று தனியாக இருக்கிறது. பிரிக்காத இரண்டாவது பாக்கெட் அலமாரியின் மேல்தட்டில் தேதி எழுதி இருக்கிறது. அத்தைக்கு மட்டும் புரியவில்லை, "பருப்பு இல்லைங்கிற, மேலே ஒண்ணு சும்மா கிடக்கே" என்று தினமும் கேட்கிறார்.

கடை கடையாக அலைவதை நான் விடவில்லை. இப்போதும் மாதம் நானூறு, ஐந்நூறு நிற்கிறது. பெட்ரோல் போகத்தான் சொல்கிறேன். ரேஷனில் துவரம்பருப்பு 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய். அதை முதலில் வாங்கிவிடுகிறேன், முன்பு கௌரவம் பார்த்து வாங்காமல் விட்டிருந்தேன். காய்க்கு அண்ணா நகர் உழவர் சந்தை. 1999-இல் தமிழ்நாட்டிலேயே முதலாவதாகத் திறந்த சந்தை அதுதான். விலைப் பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே போகலாம். மல்லி, வத்தல், புளி, பருப்பு இவற்றை மூன்று மாதத்துக்கு ஒரு தரம் கீழமாசி வீதி மொத்தக் கடைகளில் எடுத்து, அக்காவும் நானும் பங்கு போட்டுக்கொள்கிறோம். சூப்பர் மார்க்கெட்டில் கம்பெனிப் பாக்கெட் மட்டும். போன் நம்பர் கேட்டால் "இல்லை" என்கிறேன். கொடுத்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது என்று மத்திய அரசே 2023-இல் கடைகளுக்குச் சொல்லியிருக்கிறது. பில்லைக் கல்லாவை விட்டு நகராமல் படிக்கிறேன். பின்னால் நிற்பவர் உச்சுக் கொட்டினால் கொட்டட்டும்.

நேற்று எண்ணெய் விலை பார்க்கிற சாக்கில் அந்தக் கடைக்குள் ஒரு நடை போய் வந்தேன். மஞ்சள் அட்டை அதே இடத்தில் தொங்குகிறது. 128-ஐ அடித்து 126 ஆக்கியிருக்கிறார்கள். பில் என்ன வருகிறது என்று பார்க்க ஒரு பாக்கெட்டை எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனேன். 142.