பிரைட் ஃபியூச்சர்ஸ் உதவித்தொகை: சேவை மணிநேரமா, சம்பள வேலையா?

அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் கல்லூரிப் படிப்புக்குத் தரும் பிரைட் ஃபியூச்சர்ஸ் உதவித்தொகையை வாங்க மதிப்பெண் மட்டும் போதாது, பள்ளிக் காலத்தில் சமூக சேவை செய்த மணிநேரக் கணக்கும் காட்ட வேண்டும். 2022-23இல் பள்ளி முடித்தவர்கள் தொடங்கி, சம்பளமில்லாத சேவைக்குப் பதிலாக 100 மணிநேரச் சம்பள வேலையையும் காட்டலாம்.

எது லாபம்? அகாடமிக் ஸ்காலர்ஸ் பிரிவு, அரசுக் கல்லூரிக் கட்டணத்தை முழுதாகத் தருகிறது. அதற்குச் சேவையானாலும் வேலையானாலும் 100 மணிதான். அதற்கு அடுத்த நிலையான மெடாலியன் பிரிவுக்குச் சேவை 75 மணி போதும், வேலை என்றால் 100. தொழிற்கல்விக்கான கோல்ட் சீலுக்குச் சேவை வெறும் 30 மணி; அதற்காகவே ஒருவர் வேலை தேடி அலைவது வீண். ஆனால் மெடாலியன்தான் கிடைக்கும் என்று 75இல் நிறுத்திவிடாதீர்கள். கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வைக் கடைசியாக எழுதும்போது மதிப்பெண் ஏறினால், மேல்பிரிவுக்கு வேண்டிய 100இல் உங்களிடம் 25 மணி பற்றாமல் போகும்.

சம்பள வேலையின் பெரிய வசதி ஆதாரம். சம்பளச் சீட்டில் மணிநேரம் அச்சாகியே வரும். 2025 செப்டம்பர் 30 முதல் மாநிலக் குறைந்தபட்சக் கூலி 14 டாலர் என்பதால், 100 மணிக்கு வரிக்கு முன் 1,400 டாலர் கையில் நிற்கும். வாரம் 10 மணி பார்த்தால் பத்து வாரம். ரொக்கமாக வாங்கும் குழந்தை பராமரிப்பு வேலையில்தான் சிக்கல்: சீட்டும் இல்லை, கையெழுத்துப் போட நிறுவனமும் இல்லை.

சேவையில் சறுக்குவது வேறு இடத்தில். சேவைத் திட்டத்துக்குப் பள்ளி மாவட்டத்தின் (உள்ளூர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்பு) ஒப்புதல் வேண்டும். முதலில் உழைத்துவிட்டுப் பிறகு படிவம் கேட்டால் மணிகள் தள்ளுபடியாகலாம். மாணவர், பெற்றோர், நிறுவனப் பிரதிநிதி என மூன்று கையெழுத்தும் தேவை. தமிழ்ப் பள்ளியில் உதவி செய்யும் பிள்ளைக்கு அம்மாவே பொறுப்பாசிரியர் என்றால், நிறுவனத்தின் சார்பில் வேறொருவரைக் கையெழுத்திடச் சொல்வதே பாதுகாப்பு. வகுப்பு மதிப்பெண்ணுக்காகச் செய்தது பொதுவாகச் சேராது. சேவைவழிக் கற்றல் பாடம் மட்டும் விதிவிலக்கு. தேர்தல் வேட்பாளருக்காக உழைத்தது சேரும் என்பது பலருக்குத் தெரியாது.

எச்-4 விசாவில் (எச்-1பி போன்ற வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தினருக்கான விசா) இருக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கே எழாது. குடியுரிமையோ கிரீன் கார்டு போன்ற தகுதியோ இல்லாமல் இந்த உதவித்தொகை கிடைக்காது.

விண்ணப்பம் இறுதியாண்டு அக்டோபர் 1இல் திறந்து, பள்ளி முடித்தபின் வரும் ஆகஸ்ட் 31 வரை இருக்கும். மணிநேரத்துக்கு அந்த அவகாசம் கிடையாது. பட்டமளிப்புக்குள் முடித்திருக்க வேண்டும். கோடை விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம் என்றால், அது பதினோராம் வகுப்புக்குப் பின்வரும் கோடையாக இருக்கட்டும்.