பாட்டை யார் எடுப்பது: ஆர்கனா, ஆர்மோனியமா, ஒர்ஷிப் டீமா?

எங்கள் சேகரத்தில் (ஒரே குருவானவரின் கீழ் இருக்கும் சபைகளின் வட்டாரம்) நாலு பேர் சேர்ந்தால் பேச்சு கடைசியில், ஆராதனையில் பாட்டை யார் நடத்துவது என்பதில்தான் வந்து நிற்கும். பாமாலை (மேல்நாட்டு மெட்டில் பாடும் துதிப்பாட்டு), ஆர்கன், கொயர் என்பது ஒரு கட்சி. நம்ம ராகத்தில் பாடும் கீர்த்தனையும் ஆர்மோனியமும் இன்னொரு கட்சி. கீபோர்டு, டிரம் பேட், ஆளுக்கொரு மைக் என்று நிற்கிற வாலிபப் பிள்ளைகளின் ஒர்ஷிப் டீம் மூன்றாவது கட்சி. மூன்றிலும் நான் குப்பை கொட்டியிருக்கிறேன். என் அளவுகோல் ஒன்றுதான்: பின்னால் பாயில் உட்கார்ந்திருக்கிற ஆச்சி வாய் திறந்து பாடுகிறார்களா?

பாமாலையில் பாதி வேலை முன்னோர் செய்து வைத்தது. நம்பரைப் பலகையில் மாட்டினால் போதும், 1826-இல் கட்டிய பாளையங்கோட்டை ஊசிக் கோபுரம் தேவாலயத்திலும் சரி, தேரிக்காட்டுச் சின்னக் கோயிலிலும் சரி, ஜனம் எழுந்து நின்று பாடிவிடும். (ஆர்கன் என்று பெயர்தான், பல இடங்களில் கீபோர்டில் ஆர்கன் சத்தத்தை வைத்து ஓட்டுகிறோம்.) வாசிக்கிறவர் வரி முடிவில் ஜனத்துக்கு மூச்சு விட இடம் கொடுத்தால் போதும். குறை மெட்டில் இருக்கிறது. ஜெர்மன், ஆங்கில ராகங்களில் தமிழை உட்கார வைத்ததால் குறில் நெடிலாக இழுபடும். ‘மனமே’ என்று தொடங்கும் வார்த்தை நீண்ட சுரத்தில் விழுந்தால் ‘மானமே’ என்று கேட்கும். ஆனால் கல்லறைத் தோட்டத்தில், புத்தகமும் வாத்தியமும் இல்லாமல் எல்லோரும் நாலு சரணம் பாடுவது பாமாலையைத்தான்.

கீர்த்தனை நம்ம ஊர்ச் சொத்து. கீர்த்தனைகள் எழுதிய வேதநாயகம் சாஸ்திரியார் 1774-இல் திருநெல்வேலியில் பிறந்தவர். 1917-இல் கருணாமிர்த சாகரம் என்ற இசை ஆராய்ச்சி நூலை வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர், தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரைக்காரர். அவரும் கீர்த்தனைகள் எழுதியிருக்கிறார். பாட்டுக்கு மேலே ராகம், தாளம் அச்சிட்டிருக்கும். யாரும் பார்ப்பதில்லை, காதில் விழுந்த மெட்டுதான் சட்டம். தலைவர் சரணத்தைப் பாட, ஜனம் பல்லவியைப் பிடித்துக்கொள்ளும். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாத ஆச்சிகூட இரண்டாவது சுற்றில் சேர்ந்துவிடுவார்கள். இதனால்தான் என் ஓட்டு கீர்த்தனைக்கு.

ஆனால் எடுக்கிறவர் சுருதியில் கோட்டை விட்டால் அவ்வளவுதான். ஒரு அசனப் பண்டிகை (சபை விருந்து) ஆராதனையில் உற்சாகத்தில் மூன்று கட்டையில், அதாவது தேவைக்கு மேல் உயர்ந்த சுருதியில், ஆரம்பித்துவிட்டேன். பல்லவி ஜோராகப் போனது. சரணம் மேலே ஏற ஏற முதலில் பெரியவர்கள் நின்றார்கள், அப்புறம் பையன்கள்; கடைசியில் நானும் ஆர்மோனியமும் மட்டும், அதில் என் குரல் பாதிதான். அன்றிலிருந்து பாட்டின் உச்சியில் வரும் வரியை முந்தின ராத்திரியே முனகிப் பார்த்துவிட்டுத்தான் கட்டையை முடிவு செய்கிறேன். ஆண்களுக்குச் சுகமான இடம் பெண்களுக்குத் தாழ்வு, அவர்களுக்குச் சுகமானது இவர்களுக்கு உச்சம். இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு இடத்தில் சமாதானம் ஆகவேண்டும்.

ஒர்ஷிப் டீமைத் திட்டுகிறவர்கள், சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் பிள்ளைகள் உட்கார்ந்து பழகுவதை ஒருநாள் வந்து பார்க்கவேண்டும். கொயரில் கூட அந்த ஒழுங்கு கிடையாது. ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு இடைவெளியே தெரியாமல் கொண்டுபோவார்கள். சிக்கல் இரண்டு: மாதத்துக்கு ஒரு புதுப் பாட்டு, பக்கத்தில் நிற்கிறவர் குரல்கூடக் கேட்காத ஸ்பீக்கர் சத்தம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டு நடுவில் கரண்ட் போனது. டீம் நின்றது, கூடவே மொத்தக் கோயிலும் நின்றது. அவ்வளவு நேரம் எத்தனை பேர் பாடிக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

இப்போது சபை ஐயரிடம் (குருவானவர்) பேசி ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். ஆரம்பப் பாட்டு பாமாலை, காணிக்கைக்குக் கீர்த்தனை, பிரசங்கத்துக்கு முன்னால் டீமுக்கு இரண்டு பாட்டு. அதில் ஒன்று எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்கவேண்டும். அதன் கடைசிப் பல்லவியில் மைக்கைக் குறைக்கச் சொல்லிக் கை காட்டுவேன். மிக்சரில் உட்கார்ந்திருக்கும் தம்பி குறைப்பான், ஆனால் ஒரு முறை முறைத்துவிட்டுத்தான்.