இருக்கைக்கு அடியில் பார்த்துவிட்டு வாங்குங்கள்: உயரமானவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

என் உயரம் 6 அடி 4 அங்குலம், எடை 138 கிலோ. பழைய கார் வாங்கி நான் ஏமாந்த விவரத்தை எழுதும்போது இந்த இரண்டு எண்களையும் மறைக்க முடியாது. என்னை ஏமாற்றியவர் பிடித்துக்கொண்டதே அவற்றைத்தான். என்னைப் போன்ற உடம்புள்ளவர்களும், வீட்டில் அப்படி ஒருவர் இருப்பவர்களும் கார் பார்க்கக் கிளம்பும் முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

நாற்பத்தொரு வயது வரை பைக்கில்தான் போய்வந்தேன். வலது முழங்காலில் ஜவ்வு கிழிந்த பிறகு மருத்துவர் பைக்கை விடச் சொன்னார். அம்மா மணப்பாறையில் தனியாக இருக்கிறார். திருச்சியிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். வாரத்தில் இரண்டு நாளாவது போயாக வேண்டும். பஸ்ஸில் உட்கார்ந்தால் முன் இருக்கையின் கம்பி அந்த முழங்காலிலேயே இடிக்கும். கையில் மூன்றரை லட்சம் ரூபாய் இருந்தது. பழைய கார் பார்ப்பதென்று முடிவு செய்தேன்.

2024 தொடக்கத்தில் இரண்டு மாதங்களில் பதினான்கு கார்களில் ஏறி இறங்கினேன். சராசரி உடம்புள்ளவர்கள் இன்ஜின் சத்தத்தைக் கேட்பார்கள், டயரைத் தடவிப் பார்ப்பார்கள். எனக்கு அதற்கெல்லாம் முன்பே பல கேள்விகள் இருக்கின்றன. இருக்கையைக் கடைசி வரை பின்னால் தள்ளிய பிறகும் கிளட்ச்சை மிதித்துக் காலை எடுக்கும்போது இடது முழங்கால் ஸ்டியரிங்கின் அடியில் முட்டுகிறதா? நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை கூரைத் துணியில் உரசுகிறதா? தலையைச் சாய்த்து உட்கார்ந்தால் சிக்னல் விளக்கு கண்ணாடியின் மேல் விளிம்புக்கு மேலே மறைந்துவிடுகிறதா? என் செருப்பின் அளவு 12. சில கார்களில் பிரேக்கை மிதித்தால் அதே பாதம் ஆக்சிலரேட்டரின் ஓரத்தையும் சேர்த்து அழுத்தியது. பெல்ட் வயிற்றைச் சுற்றி வந்து மாட்டும் இடத்துக்கு எட்டாத கார் இரண்டு.

ஓர் இடத்தில் நான் இறங்கியதும் கார் ஒரு பக்கமாக எழும்பியதைப் பார்த்து அங்கிருந்த பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதற்குப் பிறகு போன இடங்களில், ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்க்க வேண்டிய காரில் ஒரு நிமிடம்கூட உட்காராமல் இறங்கிவிட்டேன். இதை எழுத எனக்கு வெட்கம் இல்லை. அந்த அவசரம்தான் என்னைக் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

பதினைந்தாவதாகப் போனது புறவழிச் சாலையோரம் பழைய கார் விற்கும் ஓர் ஆட்டோ கன்சல்டிங். நடத்துகிறவருக்கு ஐம்பது வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். ஒரு பையனைக் கூப்பிட்டு, கைப்பிடி இல்லாத நாற்காலியாகப் பார்த்து எடுத்துவரச் சொன்னார். கைப்பிடி உள்ள நாற்காலியில் நான் சிக்கிக்கொள்வேன் என்று கேட்காமலேயே புரிந்துகொண்ட முதல் விற்பனையாளர் அவர். மனம் அங்கேயே இளகிவிட்டது.

“சார், உங்களைப் போன்றவர்களுக்கென்றே ஒரு வண்டி இருக்கிறது. முதல் ஓனரும் ஆறடிக்கு மேல். கம்பெனியில் சொல்லி சீட்டைப் பின்னால் தள்ளி வைத்து வாங்கினார். டாக்டர் ஓட்டிய வண்டி, சிங்கிள் ஓனர்” என்றார்.

2018ஆம் ஆண்டு ஹேட்ச்பேக். மாடலின் பெயரை எழுதப் போவதில்லை. தவறு அந்தக் காரைச் செய்தவர்களுடையது அல்ல. ஏறி உட்கார்ந்தேன். முழங்காலுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவு இடம். பதினான்கு கார்களுக்குப் பிறகு அது எப்படிப்பட்ட நிம்மதி என்பதை என் உயரமுள்ளவர்கள்தான் அறிவார்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு வெள்ளைக் காரையும் காட்டி, “இதுவும் உங்களுக்குப் பொருந்தும், பார்க்கிறீர்களா?” என்று கேட்டார். முதல் காரே போதும் என்றேன். பேரம் பேசவில்லை. அன்றைக்கே 10,000 ரூபாய் டோக்கன் கொடுத்தேன். மொத்த விலை 3,40,000.

காகிதங்களை நான் பார்க்காமல் இல்லை. வாகன விவரம் தெரியும் அரசின் பரிவாகன் தளத்தில் எண்ணைப் போட்டேன். டி.என். 14, சென்னை சோழிங்கநல்லூர் பதிவு. சொந்த உபயோக வண்டி, முதல் உரிமையாளர், கடன் எதுவும் இல்லை, இன்சூரன்ஸ் நடப்பில் இருந்தது. உரிமையாளர் பெயரை மாற்றுவதற்கான 29, 30 படிவங்களில் கையெழுத்து இருந்தது. மூன்று வாரத்தில் ஆர்.சி. என் பெயருக்கு மாறியும்விட்டது. பழைய கார் வாங்குகிறவர்களுக்கு ஊரில் எல்லோரும் சொல்லும் எச்சரிக்கை காகிதத்தைப் பற்றியதுதான். காகிதம் சரியாக இருந்ததால் மெக்கானிக்கை அழைத்துப் போகவில்லை.

கண்ணில் பட்டும் நான் கடந்துபோனவை இவை. உள்ளே வாசனைத் திரவியத்தின் நெடி தலைவலி வரும் அளவுக்கு இருந்தது. ஆறு வருட வண்டியில் தரை விரிப்பு மட்டும் புத்தம் புதிது. பழைய பாலிசியில் ‘நோ கிளைம் போனஸ்’ பூஜ்ஜியம். இழப்பீடு கேட்காதவருக்கு இன்சூரன்ஸ் கட்டணத்தில் கிடைக்கும் தள்ளுபடி அது; தொடர்ந்து கிளைம் இல்லாமல் ஓட்டியவருக்கு 50 சதவீதம் வரை ஏறியிருக்க வேண்டும். சர்வீஸ் பதிவுகள் 2023 நவம்பரோடு நின்றிருந்தன. அந்த டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழையில், சோழிங்கநல்லூரை அடுத்த பகுதிகளான வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கிக் கிடந்ததை நானும் தொலைக்காட்சியில் பார்த்தவன்தான். சோழிங்கநல்லூர் பதிவையும் நவம்பரையும் சேர்த்து நினைக்கத் தோன்றவில்லை. நினைத்ததெல்லாம் என் முழங்காலைப் பற்றித்தான்.

வாங்கிய நாற்பத்தேழாம் நாள். அம்மாவைக் கண் பரிசோதனைக்காகத் திருச்சிக்கு அழைத்து வந்துகொண்டிருந்தேன். திண்டுக்கல் சாலையில் ஆடுகள் குறுக்கே வந்தன. பிரேக்கை அழுத்தி மிதித்தேன். மிதித்த வேகத்தில் முதுகு இருக்கையைப் பின்னால் தள்ளியது. அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம். இருக்கையின் இடது பின்பக்கம் தரையிலிருந்து பெயர்ந்துவிட்டது. நான் மல்லாந்து சாய, கால் பிரேக்கிலிருந்து நழுவிவிட்டது. கண்ணுக்கு முன் சாலை இல்லை, கூரைதான் இருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்து எழும்பி மறுபடி மிதிப்பதற்குள் வண்டி மண்ணில் இறங்கி ஒரு புளியமரத்துக்கு நாலடி தள்ளி நின்றது. “தம்பி, தம்பி” என்று மட்டும் அம்மா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். யாருக்கும் அடியில்லை. பின்னால் லாரி எதுவும் வராததுதான் காரணம்.

வண்டியை இழுத்துக்கொண்டு போய் எங்கள் பகுதியில் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் விட்டேன். இருக்கையைக் கழற்றி, விரிப்பை உரித்துக் காட்டினார். இருக்கை முன்னும் பின்னும் நகரும் தண்டவாளம் போன்ற ரெயில் நான்கு போல்ட்டுகளால் தரையில் பிடிக்கப்பட்டிருக்கும். அந்த போல்ட்டுகள் இறங்கும் இடத்தில் மட்டும் தரைத் தகட்டோடு சேர்ந்த கனமான சட்டம் இருக்கும். மற்ற இடமெல்லாம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தகடுதான். என் காரில் ரெயிலை மூன்றரை அங்குலம் பின்னால் நகர்த்தி, வெறும் தகட்டின் மேல் இரண்டு இரும்புப் பட்டைகளை வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். கறுப்புப் பெயின்ட் அடித்து, மேலே புது விரிப்பை ஒட்டியிருந்தார்கள்.

பட்டையை நெம்பி எடுத்ததும் அடியில் செதில் செதிலாகத் துரு. “துரு பட்டைக்கு அடியில் இருக்கிறது பாருங்கள். தண்ணீரில் நின்ற பிறகுதான் பற்றவைத்திருக்கிறார்கள். துருவைச் சுரண்டக்கூட இல்லை” என்றார் அண்ணன். ஒயர்கள் போகும் குழாயைப் பிரித்தபோது மாவு போன்ற சேறு கொட்டியது. பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துக் காட்டினார்; எப்போதும் உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் காபிக் கறை போலத் தண்ணீர் நின்ற கோடு. ஏர்பேக் இணைப்பில் செம்பு பச்சை பூத்திருந்தது. சாவியைத் திருப்பினால் டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும். என் காரில் அது எரிந்ததே இல்லை, எரியவிடாமல் செய்திருந்தார்கள். எரியாதது நல்ல அறிகுறி என்று நான் நினைத்திருந்தேன்.

டாஷ்போர்டு பெட்டியில் கிடந்த பழைய சர்வீஸ் ரசீதில் ஒரு தொலைபேசி எண் இருந்தது. கூப்பிட்டேன். முதல் உரிமையாளர் டாக்டரும் இல்லை, ஆறடியும் இல்லை. ஓய்வுபெற்ற ஓர் அம்மையார். தமக்கு ஐந்தேகால் அடிதான் உயரம், இருக்கையை முன்னால் இழுத்துத்தான் ஓட்டுவேன் என்றார். வெள்ளத்தில் மூன்று நாள் கார் நின்றதாகவும், இன்சூரன்ஸ் நிறுவனம் முழு இழப்பு என்று கணக்கை முடித்ததாகவும், கையெழுத்துப் போட்ட படிவங்களோடு வண்டியை யாரோ எடுத்துப் போனதாகவும் சொன்னார். எனக்கு நடந்ததைக் கேட்டதும் அழுதேவிட்டார். அவர் மேல் எந்தக் குறையும் இல்லை.

பிறகு விற்றவரிடம் போனேன். இந்த முறை நாற்காலி வரவில்லை. நின்றபடியே என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “சார், 138 கிலோ உட்கார்ந்தால் எந்த சீட் தாங்கும்? வண்டியைக் குறை சொல்லாதீர்கள்” என்றார். சுற்றி ஆறேழு பேர் நின்றார்கள். அன்று வாய் வராமல் திரும்பிவிட்டேன். பதிலை இங்கே எழுதுகிறேன். தொழிற்சாலையில் பொருத்தும் இருக்கை, மோதலின்போது உட்கார்ந்திருப்பவரின் எடையைப் போல் பல மடங்கு விசையைத் தாங்குவதற்காகச் செய்யப்படுவது. உடைந்தது என் எடையால் அல்ல. துருப்பிடித்த தகட்டில் ஒட்டவைத்த பட்டையால். உங்கள் உடம்பைக் காட்டி ஒருவர் இப்படிச் சொன்னால் தலையைக் குனியாதீர்கள்.

இன்னொன்றையும் பட்டறை அண்ணன் காட்டினார். எனக்கு அதுதான் அதிக அதிர்ச்சி. இருக்கையை அதன் இடத்தை விட்டுப் பின்னால் கொண்டுபோனால், கதவுத் தூணிலிருந்து வரும் பெல்ட் தோளில் படியாமல் நெஞ்சுக்கு முன்னால் தொங்கும். இருக்கை உடையாமல் வேறு ஏதாவது மோதியிருந்தாலும் பெல்ட் என்னைச் சரியாகப் பிடித்திருக்காது. இந்த உயரத்துக்கு பெல்ட் அப்படித்தான் இருக்கும்போல என்று நாற்பத்தேழு நாளும் நினைத்துக்கொண்டேன். உயரமானவர்களுக்குக் கூடுதல் இடம் வேண்டும் என்றால் அதைக் காரின் அளவில்தான் தேட வேண்டும். சிறிய கார்களை விற்கும் எந்த நிறுவனமும் ஒரு வாடிக்கையாளருக்காகத் தரையை மாற்றித் தருவதில்லை; அப்படிச் சொல்லும் இடத்திலிருந்து உடனே வெளியே வந்துவிடுங்கள்.

பட்ஜெட்டுக்குள் என் உடம்பு உட்கார்ந்த கார்கள் இருக்கவே செய்தன என்பதுதான் வருத்தம். 2019இல் வந்த வேகன் ஆரின் உயரம் 1,675 மில்லிமீட்டர். காலை நீட்டி உட்காராமல் நாற்காலியில் உட்காருவதுபோல் உட்காரலாம். தலைக்கு மேல் இடம் தாராளம். தொடை கதவில் அழுந்தியதால் அதை விட்டேன். விட்டிருக்கக் கூடாது. 2010 முதல் 2020 வரை விற்ற எடியோஸில் அகலமும் கால் வைக்கும் இடமும் நன்றாக இருந்தன. ஆனால் டாக்சியாக ஓடிய எடியோஸ்கள் ஏராளம், வெள்ளை போர்டுக்கு, அதாவது சொந்த உபயோகப் பதிவுக்கு, மாற்றி விற்கிறார்கள், வாகன வரலாற்றைப் பார்க்க வேண்டும். மேற்கூரையில் கண்ணாடித் திறப்பு உள்ள வண்டிகளில் தலைக்கு மேல் ஓர் அங்குலமாவது குறையும். உங்கள் உயரம் காலில் இருக்கிறதா, முதுகில் இருக்கிறதா என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். எனக்குக் கால்தான் நீளம். முதுகு நீளமானவர்கள் இருக்கையைத் தாழ்த்தும் வசதியுள்ள கார்களைத் தேடுங்கள். எந்தக் காரானாலும் வழக்கமாகப் போடும் செருப்போடு, பெல்ட் போட்டு, நெஞ்சுக்கும் ஸ்டியரிங்கின் நடுப்பகுதிக்கும் 25 சென்டிமீட்டராவது இடைவெளி விட்டு, அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். யார் சிரித்தாலும் இறங்காதீர்கள்.

2023 ஏப்ரல் 1 முதல் பழைய கார் வியாபாரிகள் போக்குவரத்துத் துறையில் பதிந்து அங்கீகாரச் சான்று வைத்திருக்க வேண்டும். வண்டி அவர்கள் கைக்கு வந்ததை 29சி படிவத்தில் தெரிவிக்க வேண்டும். எனக்கு விற்றவரிடம் அந்தச் சான்று இல்லை. கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ‘உள்ளது உள்ளபடி’ என்று எழுதிய சீட்டில் நான் கையெழுத்துப் போட்டதை எதிர்த்தரப்பு காட்டுகிறது. பெயர்ந்த பட்டைகளும், அம்மையார் எழுதிக் கொடுத்த கடிதமும் என்னிடம் இருக்கின்றன. உங்களுக்கு இப்படி நேர்ந்தால் உடைந்த துண்டை எறிந்துவிடாதீர்கள். சரிசெய்வதற்கு முன் படம் எடுங்கள்.

மனு கொடுத்துவிட்டதால் அந்த இடத்தின் பெயரை எழுதவில்லை. என் தூக்கத்தைக் கெடுப்பது அங்கே நின்ற இன்னொரு வெள்ளைக் கார். “இதுவும் உங்களுக்குப் பொருந்தும்” என்றாரே, அந்தக் கார். இரண்டாம் முறை போனபோது அது அங்கே இல்லை. யார் வாங்கினார்கள் என்று கேட்டதற்குப் பதில் கிடைக்கவில்லை. 2024இல் திருச்சிப் பக்கம் பழைய வெள்ளைக் கார் வாங்கி, “உயரமானவர்களுக்காகச் சீட் தள்ளி வைத்தது” என்று உங்களிடம் சொல்லியிருந்தால், இன்றைக்கே ஓட்டுநர் இருக்கையை முழுவதும் முன்னால் தள்ளி, பின்பக்க விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். போல்ட்டின் தலை தெரிய வேண்டிய இடத்தில் பற்றவைத்த தடம் தெரிந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.