பத்து மில்லியன் வரம்பா, நகரத்துக் கூட்டுறவு வீடா: சூரிச்சிலிருந்து ஓர் ஒப்பீடு

வாக்குச்சீட்டுக் கவர் வந்தால் எங்கள் வீட்டில் அது சாப்பாட்டு மேசையில்தான் பிரிபடும். சுவிஸில் ஆண்டுக்கு நான்கு தடவை வரை வரும் தடித்த கவர். உள்ளே நாட்டு விடயங்களுக்கான சிவப்புக் கையேடு, மாநிலத்தின் தாள்கள், நகரத்தின் தாள்கள். எங்கள் சனத்தில் பலர் சிவப்புக் கையேட்டைப் பார்த்துக் காரசாரமாகப் பேசுவார்கள், நகரத்தின் தாளைப் பிரிக்கவே மாட்டார்கள். வீட்டுப் பிரச்சினையில் நான் நம்புவது அந்தக் கடைசித் தாளைத்தான்.

மனைவியின் தம்பி அப்படி நினைக்கவில்லை. பல வருடமாக இந்த மேசையில் இதே வாதம். "அத்தான், ஆக்கள் வந்துகொண்டே இருந்தால் வீடு எங்கையிருந்து வரும்? முதல்ல எண்ணிக்கைக்கு ஒரு எல்லை போடோணும்" என்பான். அவன் வெறுப்பில் பேசுகிறவன் அல்ல. இரண்டு பிள்ளைகளோடு மூன்றரை அறை வீடு தேடி ஒன்றரை வருடம் அலைந்தவன். 2024 ஜூன் 1இல் சூரிச் நகரம் முழுவதிலும் காலியாக இருந்தவை 169 வீடுகள், அதாவது 0.07 வீதம். வீடு பார்க்கப் போனால் வரிசை மாடிப்படியில் இறங்கி நடைபாதை வரை நிற்கும். விண்ணப்பத்தில் நாட்டினம், வதிவிட அனுமதியின் வகை, சம்பளம், கடன் வழக்கு இல்லை என்ற சான்று எல்லாம் கேட்பார்கள். இவ்வளவும் கொடுத்துவிட்டு, பதிலே வராத மின்னஞ்சல்களை எண்ணிக்கொண்டிருப்பவன் "எல்லை போடு" என்றால் அவனோடு கோபப்பட முடியாது.

அவன் ஆதரிப்பது நாடு தழுவிய வரம்பை. எஸ்.வி.பி. என்ற வலதுசாரிக் கட்சி, மக்கள் வாக்குக்கு விடக் கேட்டு 2024 ஏப்ரலில் கையெழுத்துகளைக் கையளித்த முன்மொழிவு, 2050க்கு முன் நிரந்தரமாக வசிப்போர் தொகை 10 மில்லியனைத் தாண்டக்கூடாது என்கிறது. 9.5 மில்லியனைத் தாண்டினாலே அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும், வேறு வழியில்லை என்றால் ஐரோப்பிய ஒன்றியத்தோடுள்ள சுதந்திர நடமாட்ட ஒப்பந்தத்தை, அதாவது இரு பக்கத்தாரும் மறுபக்கம் போய் வாழவும் வேலை செய்யவும் விடும் ஒப்பந்தத்தை, முறிக்க வேண்டும். வளர்ச்சி உண்மைதான். 2002 முடிவில் 7.3 மில்லியன் பேர் இருந்த நாடு, 2024இல் 9 மில்லியனைத் தாண்டிவிட்டது. அதைக் கற்பனைப் பயம் என்று தள்ளுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் இந்த வழியை இந்த நாடு முன்பே நடந்து பார்த்திருக்கிறது. 2014 பெப்ரவரி 9இல் பெருந்திரள் குடிவரவுக்கு எதிரான முன்மொழிவு 50.3 வீத ஆதரவோடு வென்றது. மூன்று வருடத்துக்குள் ஒதுக்கீட்டு முறை வர வேண்டும் என்று அரசியலமைப்பிலேயே எழுதியாயிற்று. அந்த வாக்கின் விளைவாக, குரோவேசியாவுக்கு நடமாட்ட உரிமையை நீட்டிக்கும் ஒப்பந்தத்தில் சுவிஸ் கையெழுத்திடவில்லை. உடனே எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத்தில் நாட்டுக்கு இருந்த இடம் போனது. சுதந்திர நடமாட்டம் ஒன்றியத்தோடு சேர்த்துப் போட்ட ஏழு ஒப்பந்தங்களில் ஒன்று, ஒன்றை முறித்தால் மற்ற ஆறும் விழும். அப்படிக் கட்டிவைத்திருக்கிறார்கள். கடைசியில் 2016 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது என்ன? வேலையின்மை கூடிய தொழில்களில் காலியிடத்தை முதலில் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்ற விதி. ஒதுக்கீடு வரவில்லை. ஆம் என்று போட்டவர்கள் ஏமாந்தார்கள், இல்லை என்று போட்டவர்களும் மூன்று வருடம் பதற்றத்தில் இருந்தார்கள். ஒருவருக்கும் ஒரு அறைகூடக் கூடுதலாகக் கிடைக்கவில்லை.

எனக்கு இதைவிட முக்கியமான கணக்கு சூரிச்சின் பழைய கணக்கு. 1962இல் இந்த நகரத்தில் சுமார் 4 இலட்சத்து 40 ஆயிரம் பேர் இருந்தார்கள். 1989இல் அது ஏறக்குறைய 3 இலட்சத்து 56 ஆயிரமாகக் குறைந்திருந்தது. வெளிநாட்டவருக்கு ஒதுக்கீட்டு எண்கள் நடைமுறையில் இருந்த காலமும் அதுதான். அப்படியானால் வீடு தாராளமாகக் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை. 80களின் இறுதியில் வீட்டுத் தட்டுப்பாட்டை எதிர்த்து இங்கே தெருவில் ஊர்வலம் போனார்கள். ஒரு ஆளுக்கு வேண்டிய இடம் கூடிக்கொண்டே போனது, வீடுகள் அலுவலகங்களாக மாறின. எண்பதாயிரம் பேர் குறைந்தும் தீராத பிரச்சினை, எண்ணிக்கைக்கு எல்லை போட்டால் மட்டும் எப்படித் தீரும்? இந்தக் கேள்விக்கு மச்சான் இன்னும் எனக்குப் பதில் சொல்லவில்லை.

இரண்டாவது வழி, நிபுணர்கள் இருக்கிறார்கள், பேர்ணில் நாடாளுமன்றமே பார்த்துக்கொள்ளட்டும் என்பது. இதில் அதிகம் பேச எனக்கு ஒன்றுமில்லை. பிற நாடுகளோடான ஒப்பந்தம், அகதிச் சட்டம் இவற்றை அங்கேதான் தீர்மானிக்க முடியும், தீர்மானிக்க வேண்டும். ஆனால் வாடகை விடயத்தில் பேர்ண் குடியிருப்போர் பக்கம் சாய்ந்ததை நான் அதிகம் கண்டதில்லை. உள்வாடகைக்கு விடுவதைக் கடினமாக்கவும், உரிமையாளர் தன் தேவைக்கென்று குடியிருப்போரை எழுப்புவதை இலகுவாக்கவும் நாடாளுமன்றம் செய்த இரண்டு திருத்தங்களை 2024 நவம்பரில் மக்கள்தான் வாக்குப் போட்டு நிறுத்தினார்கள்.

மூன்றாவதுதான் என் தெரிவு: நகரத்து மக்கள் தங்கள் நிலத்தைப் பற்றித் தாங்களே தீர்மானிப்பது. இதை நான் கொள்கையிலிருந்து பிடிக்கவில்லை, ஒரு கடிதத்திலிருந்து பிடித்தேன்.

நாங்கள் பதினான்கு வருடம் இருந்த கட்டடத்தின் உரிமையாளர் நிறுவனம் ஒருநாள் எல்லா வீட்டுக்கும் பதிவுத் தபால் அனுப்பியது. முழுமையான புதுப்பிப்பு, எல்லோரும் எழும்ப வேண்டும். முதல் மாடியில் முப்பத்தொரு வருடமாக இருந்த சுவிஸ் அம்மா, இரண்டாம் மாடியில் போர்த்துக்கேயத் தம்பதி, மேலே நாங்கள், எல்லோருக்கும் ஒரே வாசகம், ஒரே திகதி. அந்த அம்மா கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தபால் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றார். "இந்த வயதில் எங்கே போவேன்" என்று கேட்டார். எங்கள் மூன்றரை அறைக்கு நாங்கள் கட்டியது 1,560 பிராங். வேலை முடிந்த பிறகு அதே வீட்டை இணையத்தில் பார்த்தேன், 2,890. புதுச் சமையலறை, புதுக் குளியலறை. ஜன்னலால் தெரிந்தது அதே கஸ்தானிய மரம். எங்களை எழுப்பியது புதிதாக வந்த ஒருவருமில்லை. அந்த நிலத்தின் விலை ஏறியிருந்தது, அவ்வளவுதான்.

எனவே எந்த வழியையும் நான் ஒரே ஒரு கேள்வியால்தான் அளக்கிறேன்: நிலத்தின் விலை ஏறும்போது அந்த ஏற்றம் யாரிடம் போகிறது? வரம்பு இந்தக் கேள்வியைத் தொடுவதே இல்லை. நகரத்து வாக்கு நேராக அதைத்தான் பிடிக்கிறது. 2011 நவம்பர் 27இல் சூரிச் வாக்காளர்கள் 75.9 வீத ஆதரவோடு ஒரு இலக்கை நகரத்தின் அடிப்படைச் சட்டத்தில் எழுதினார்கள். 2050க்குள் வாடகை வீடுகளில் மூன்றில் ஒன்று இலாப நோக்கில்லாத கைகளில் இருக்க வேண்டும் என்பது அது. நகரசபையின் சொந்த வீடுகள், அறக்கட்டளை வீடுகள், கெனொசன்ஷாஃப்ட் எனப்படும் கூட்டுறவுச் சங்க வீடுகள் எல்லாம் இதில் சேரும். வானத்திலிருந்து விழுந்த எண்ணமில்லை இது. நகரம் 1907இலேயே இந்த வேலையைத் தொடங்கிவிட்டது.

கூட்டுறவு வீட்டின் வாடகை செலவுக் கணக்குப்படி போடப்படுவது. கடனுக்கான வட்டி, பராமரிப்பு, எதிர்காலத் திருத்தத்துக்கு ஒதுக்கும் பணம், நிலம் நகரத்துடையது என்றால் அதற்கான குத்தகை. இவ்வளவும் சேர்ந்ததுதான் வாடகை. பங்குதாரருக்கென்று இலாபம் இல்லை. நிலத்தை நகரம் விற்பதில்லை, பொதுவாக 62 வருடக் குத்தகைக்குக் கொடுக்கிறது. பக்கத்துத் தெருவில் நில விலை இரண்டு மடங்கானாலும் நாங்கள் இப்போது இருக்கும் கூட்டுறவுக் கட்டடத்தை விற்றுப் பணமாக்க ஒருவராலும் முடியாது. அதனால் வீடு பழசாகப் பழசாக, சந்தை வாடகையோடு ஒப்பிட்டால் அது மலிவாகிக்கொண்டே போகும். நாங்கள் வீட்டை விட்டுப் போனாலும் கட்டிய பங்குப் பணம்தான் திரும்பக் கிடைக்கும், அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை. மச்சானுக்கு இது பிடிக்காது. வீடு என்றால் சொத்தாகப் பெருக வேண்டும் என்பது அவன் நினைப்பு. எனக்கோ, பெருகாமல் இருப்பதுதான் இதன் பெறுமதி. எனக்குப் பின் வருகிறவர் என்னைவிட அதிகம் கட்டத் தேவையில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். 2011இல் ஏறக்குறைய கால் பங்காக இருந்த இலாப நோக்கில்லாத வீடுகள் அதற்குப் பிறகு பெரிதாக ஏறவில்லை, ஏனென்றால் தனியார் கட்டும் வேகமும் அதே அளவு. சங்கங்களின் காத்திருப்புப் பட்டியல்கள் பல மூடியே கிடக்கின்றன. யாரையாவது தெரிந்தால், ஜெர்மன் நன்றாக எழுதத் தெரிந்தால் வாய்ப்புக் கூடுகிறது. நேற்று வந்த அகதிக் குடும்பத்துக்கு அந்தக் கதவு அவ்வளவு இலகுவில் திறக்காது. நாங்களும் மூன்றாவது தடவை விண்ணப்பித்த பிறகுதான் உள்ளே வந்தோம், ஆறு வருடமாகிறது. பிள்ளைகள் போனதும் சிறிய வீட்டுக்கு மாற வேண்டும் என்ற விதி எங்களுக்கு இன்னும் பொருந்தவில்லை. அன்றைக்கு எனக்கு எப்படி இருக்கும் என்று இப்போது சொல்ல முடியாது.

எல்லா இடத்துக்கும் இது பொருந்தும் என்றும் சொல்லமாட்டேன். 2014இல் டிச்சினோ மாநிலத்தில் 68 வீதம் பேர் ஆம் என்றார்கள். அங்கே பேச்சு இத்தாலியிலிருந்து தினமும் எல்லை தாண்டி வேலைக்கு வருகிறவர்கள், அதனால் இறங்கும் சம்பளம் பற்றியது. நான் அங்கே வாழ்ந்ததில்லை, அவர்களுக்கு சூரிச்சிலிருந்து பாடம் சொல்ல மாட்டேன். புதிய வீடுகளில் பத்து வீதம் இலாப நோக்கில்லாததாக இருக்க வேண்டும் என்ற முன்மொழிவு 2020 பெப்ரவரியில் நாடு முழுவதும் வாக்குக்கு வந்தபோது 57 வீதம் பேர் மறுத்தார்கள். அதையும் மதிக்கத்தான் வேண்டும்.

உள்ளூர் மக்கள் எதையும் தீர்மானிக்கலாம் என்பதும் என் வாதம் இல்லை. லுசேர்ன் மாநிலத்தின் எம்மன் என்ற ஊரில் குடியுரிமை விண்ணப்பங்களையே வாக்குச்சீட்டில் போட்டார்கள். விண்ணப்பித்தவர்களின் விபரம் வீடு வீடாகப் போனது. 2000 மார்ச்சில் ஊர் இத்தாலியர்களை ஏற்றது, பால்கன் பக்கத்திலிருந்து வந்தவர்களை மறுத்தது. காரணம் சொல்ல வேண்டிய அவசியம் ஒருவருக்கும் இல்லை. வாக்குச்சீட்டு காரணம் சொல்லாது, அதனால் அந்த முறை அரசியலமைப்புக்கு மாறானது என்று 2003இல் கூட்டாட்சி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த நாட்களில் நான் இன்னும் வெளிநாட்டவன். என் குடும்பத்தின் விபரமும் அப்படி யாரோ ஒருவரின் சாப்பாட்டு மேசைக்குப் போயிருந்தால் என்று நினைத்து அன்று தூங்கவில்லை. நிலத்தைப் பற்றி ஊர் வாக்குப் போடட்டும். ஒரு மனிதனைப் பற்றிய முடிவுக்குச் சட்டமும், எழுத்தில் காரணமும், மேன்முறையீடும் வேண்டும்.

இந்த நாட்டில் வசிப்போரில் நான்கில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டவர். நியூஷாத்தல், ஜூரா போன்ற சில மாநிலங்களில் அவர்களுக்கு உள்ளூர் வாக்குரிமை உண்டு, சூரிச்சில் இல்லை. எங்கள் கீழ்வீட்டு எரித்திரிய அக்காவுக்கு அந்தத் தடித்த கவர் வருவதில்லை. ஆனால் கூட்டுறவுச் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் கடவுச்சீட்டு கேட்பதில்லை, ஒரு உறுப்பினருக்கு ஒரு வாக்கு. சென்ற வசந்தத்தில் பின்பக்கத்து வாகனத் தரிப்பிடத்தை எடுத்துவிட்டு அதில் பன்னிரண்டு வீடு கட்டுவதா என்று கேட்டார்கள். எனக்கு முன் வரிசையில் இருந்த அவர் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டே மஞ்சள் அட்டையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். தீர்மானம் நிறைவேறியது.