எஸ்எஸ்ஆர் ஆஃபில் இருந்தாலும் ஷாக் அடிக்கும்

கோவையில் சின்னதாக ஒரு பவுடர் கோட்டிங் பட்டறை நடத்துகிறேன். ஓவனில் 9 கிலோவாட் ஹீட்டர். மூன்று பேஸுக்கும் பிரித்தால் பேஸுக்கு 13 ஆம்பியர். அதை ஆன், ஆஃப் செய்யும் காந்த சுவிட்சான கான்டாக்டர் நாள் முழுக்க டக் டக்கென்று அடித்து, பாயின்ட் சீக்கிரமே தீய்ந்துவிடும். பேனல் போடுகிற ஒருவர், "எஸ்எஸ்ஆர் போட்டுக்கலாங்க, சத்தமும் இல்ல, தேய்மானமும் இல்ல" என்றார். எஸ்எஸ்ஆர் என்றால் சாலிட் ஸ்டேட் ரிலே, அசையும் பாகமே இல்லாத எலக்ட்ரானிக் சுவிட்ச். 40 ஆம்பியர் என்று அச்சடித்த மூன்றை மாட்டிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டாவது வாரம் ஒரு ஹீட்டர் எரிந்துபோனது. அதற்கு இணையாக இருந்த இண்டிகேட்டர் லைட் அன்றைக்கு அணைந்தும் அணையாமல் மினுங்கியது. நான் அதைப் பொருட்படுத்தவில்லை. பட்டறைத் தம்பி ஒருவன், சூட்டைப் பார்த்து எஸ்எஸ்ஆரை இயக்கும் கன்ட்ரோலரை நிறுத்திவிட்டு ஹீட்டர் முனையில் ஸ்பேனரை வைத்தான். அடுத்த நொடி கையை உதறிக்கொண்டு பின்னால் விழுந்தான். "அண்ணா, ஆஃப்லதான இருக்கு?" என்று கேட்டான். எஸ்எஸ்ஆரின் சிவப்பு லைட்டும் அணைந்துதான் இருந்தது. மீட்டரை வைத்தால் ஏறக்குறைய முழு 230 வோல்ட்!

கான்டாக்டர் விட்டால் நடுவில் காற்று இடைவெளி வரும். எஸ்எஸ்ஆரில் அது கிடையாது. உள்ளே மின்சாரத்தைத் திறந்து மூடும் ட்ரையாக் என்ற சில்லு, பலவற்றில் அதைக் காக்க ஒரு கெபாசிட்டரும் ரெசிஸ்டரும் குறுக்கே இருக்கும். 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் என்றால் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் ஆஃபில் இருக்கும்போதும் 7 மில்லிஆம்பியர் கசியும். ஹீட்டர் நன்றாக இருக்கும்வரை கசிவு அதன் வழியே போய்விடும், மீட்டரில் ஒன்றும் தெரியாது. ஹீட்டர் அறுந்துவிட்டால் அந்த முனை முழு வோல்ட்டேஜில் நிற்கும். சின்ன சாலினாய்டு வால்வு, எல்இடி விளக்கு மாதிரி லோடு என்றால் இதே கசிவிலேயே முழுதாக ஆஃப் ஆகாமல் மாட்டிக்கொள்ளும்.

மூன்றாவது மாதம் ஓவன் 190 டிகிரியில் நிற்காமல் 230-ஐத் தாண்டிவிட்டது. வெள்ளை அடித்த ஒரு லோடு கிரில் மொத்தமும் பழுப்பு. எஸ்எஸ்ஆர் பழுதானால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் போகும். கன்ட்ரோலர் ஆஃப் என்றாலும் ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும். 13 ஆம்பியர் ஓடும்போது ஒவ்வொன்றும் சுமார் 15 வாட் சூட்டை வெளியே தள்ளியாக வேண்டும். பேனல் போட்டவர் சூட்டை வாங்கி வெளியே விடும் ஹீட் சிங்க்கும் வைக்கவில்லை, சூடு கடத்தும் பேஸ்ட்டும் தடவவில்லை. பெயின்ட் அடித்த தகட்டிலேயே திருகியிருந்தார். போனதை உடைத்துப் பார்த்தேன். உள்ளே 16 ஆம்பியர் ட்ரையாக்! போன் போட்டால், "எலக்ட்ரானிக் ஐட்டத்துக்கு வாரண்டி கிடையாதுங்க" என்றார். இன்றுவரை ஒரு ரூபாய் திரும்பி வரவில்லை.

இப்போது வேறு ஆளை வைத்து, ஒவ்வொரு எஸ்எஸ்ஆருக்கும் தனி அலுமினிய ஹீட் சிங்க் போட்டிருக்கிறேன். முன்னால் ஒரு கான்டாக்டர், சூடு மிஞ்சினால் அதை ஆஃப் செய்யத் தனி தெர்மோஸ்டாட். ஹீட்டரைத் தொடுவதற்கு முன் எம்சிபியை இறக்கி, தம்பியே மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்கிறான்.